சத்தம் போடாத பம்பு

கல்யாண வீடியோக்களை எடிட் செய்து பிழைக்கிறவள் நான். இன்று காலை, முடித்த வீடியோவைச் சேமிக்கும் நேரத்தில் மூன்றாவது முறையாகக் கம்ப்யூட்டர் அணைந்தது. தொட்டால் சுட்டது.

பாசிர் ரிஸ்ஸிலிருந்து மார்க்கெட் டிராலியில் வைத்துக் கட்டி, எம்ஆர்டி ரயில் ஏறி, லிட்டில் இந்தியாவில் அதைச் செய்துகொடுத்த கடைக்கே இழுத்துப் போனேன். சத்தம் அதிகமென்று போன வாரம்தான் அங்கே கொடுத்துச் சரிசெய்து வாங்கியிருந்தேன்.

கடைக்காரர் மூடியைக் கழற்றினார். "ஃபேன் எல்லாம் சுத்துது பாருங்க. உங்க வீட்டு கரண்ட்டு சரியில்ல லா."

நான் பம்பைத் தொட்டேன். அசைவே இல்லை. புராசஸரைக் குளிர்விக்கும் தண்ணீரை ஓட்டுவதே அதுதான்.

"பம்பு ஏன் ஓடல?"

"அதோட ஒயர பெட்டி ஃபேனோட பின்னுல மாத்தி சொருகிட்டேன். பெட்டி சூடானாதான் ஓடும். நீங்கதான சத்தம் வேணாம்னீங்க?"

"புராசஸர் வெந்தப்புறம் பெட்டி சூடாகி என்ன பிரயோஜனம்ணே? பம்பு எப்பவும் ஓடணும்."

"போன வாரம் சத்தம், இந்த வாரம் சூடு. உங்களுக்கு எதுவுமே சரிப்படாது."

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே ஒயரை மாற்றினார். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை வரவில்லை.

அவர் தலைக்கு மேல் ஏர்கான் லாரி மாதிரி உறுமிக்கொண்டிருந்தது. மேசையில் ரிமோட் கிடந்தது. எடுத்து அணைத்தேன்.

"என்ன பண்றீங்க?"

"சத்தமா இருந்துச்சு, நிறுத்திட்டேன். நீங்க வெந்தப்புறம் போட்டுக்கலாம்."

ரிமோட்டைப் பிடுங்கிக்கொண்டார்.

இனி அந்தக் கடைக்குப் போக முடியாது. வேறு நல்ல கடை தெரிந்தவர்கள் சொல்லுங்கள். ஏர்கான் சத்தம் போட்டாலும் பரவாயில்லை.