கொரோனா நேரத்தில் குற்றாலம் தீம் பார்க்: வாசலில் சேவியருக்கு மட்டும் காய்ச்சல்

இந்தப் பக்கத்தில் நான் எழுதுவதெல்லாம் கோவில் பயணம்தான். எந்த ஊரில் எப்போது நடை சாத்துவார்கள், கோவிலுக்குப் பக்கத்தில் நல்ல காபி எங்கே கிடைக்கும், அவ்வளவுதான் என் எழுத்து. ஆனால் மறுபடியும் காய்ச்சல் பரவுகிறது என்று செய்தி வர ஆரம்பித்ததிலிருந்து, லீவுக்குப் பிள்ளைகளைக் குற்றாலம் பக்கம் தீம் பார்க்குக்குக் கூட்டிப்போகலாமா அக்கா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். நாங்கள் ஒருமுறை அப்படிப் போனோம். கொரோனா வந்த முதல் வருஷம், கார்த்திகை மாதம். தடுப்பூசி என்ற பேச்சே எங்கள் ஊருக்குள் வராத நேரம். வேனில் ஏழு பேர் போனோம். வேன் ஓட்டிய சேவியர் இன்றைக்கு இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதியில் தெரிந்தால் உங்களுக்கு மனசு தாங்காது.

போன காரணம் என் தம்பி பிள்ளைகள். தம்பி முருகேசன் சென்னையில் வேலை பார்க்கிறான். மூன்றாவது மாடியில் வீடு. மார்ச் மாதம் கதவைச் சாத்தியதுதான், தர்ஷினியும் அவள் தம்பியும் எட்டு மாதமாக வாசல்படி தாண்டவில்லை. எட்டு வயதுப் பிள்ளை தூக்கத்தில் எழுந்து உட்கார்ந்து அழுகிறாள் என்று அவன் பெண்சாதி கலா போனில் சொன்னதும், இங்கே சிவகிரிக்கு வாருங்கள் என்று நான்தான் கூப்பிட்டேன். செவ்வாய்க்கிழமை ரயிலில் மதுரையில் வந்து இறங்கினார்கள். அங்கிருந்து கூட்டிவந்தது சேவியர். வெளியே தூறல் என்று ஜன்னலை ஏற்றிவிட்டு, ஏசி போட்டுத்தான் வந்தார்கள்.

சேவியரைப் பற்றிச் சொல்லவேண்டும். பக்கத்துக் கிராமம். நாற்பது வயதிருக்கும், இரண்டு பெண் பிள்ளைகள். வேதக்காரன், அதாவது கிறிஸ்தவன்; ஆனால் திருச்செந்தூரில் எத்தனை மணிக்குக் கூட்டம் குறையும், சங்கரன்கோவிலில் எந்த வாசலில் வண்டி நிறுத்தலாம் என்று என்னைவிட நன்றாகத் தெரியும். நான் எழுதிய பாதிப் பயணங்கள் அவன் வேனில் போனவைதான். கொரோனாவில் எட்டு மாதமாக அந்த வேன் வேப்பமரத்தடியில் கிடந்தது. கூப்பிட்டதும் சந்தோஷமாக வந்தான்.

அருவியில் குளிக்கத் தடை, தீம் பார்க் மட்டும் திறந்திருக்கிறது என்று தெரிந்ததும் போகலாமா வேண்டாமா என்று வீட்டில் பேச்சு. எங்கள் வீட்டுக்காரர் போலீசில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். சர்க்கரை உண்டு, பிரஷர் உண்டு. அவர் கேஸ் விசாரிப்பது மாதிரி ஒவ்வொன்றாகக் கேட்டார். ஞாயிற்றுக்கிழமை போனால் கூட்டம், வெள்ளிக்கிழமை போவோம். பஸ் வேண்டாம், நம்ம வேன். வெளிச்சாப்பாடு வேண்டாம், புளிச்சாதம் கட்டிக்கொள்வோம். தண்ணீரில் குளோரின் போடுவார்கள், அதில் கிருமி நிற்காது. உள்ளே யாராவது இருமினால் உடனே தள்ளிப் போய்விடவேண்டும். இப்படி ஊரில் உள்ள அத்தனை பேரையும் சந்தேகப்பட்டு முடித்தோம். வேனுக்குள் உட்காரப்போகிறவர்களைப் பற்றி ஒருவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்குக் கிளம்பினோம். சிவகிரியிலிருந்து வாசுதேவநல்லூர், புளியங்குடி, கடையநல்லூர் வழியாகத் தென்காசி ஐம்பது கிலோமீட்டர் இருக்கும். ஒன்றேகால் மணி நேரம். வேன் வாடகை டீசலோடு மூவாயிரம்.

கார்த்திகை வெள்ளியில் காசி விசுவநாதரைப் பார்க்காமல் தாண்ட எனக்கு மனசு வராது. கோபுர வாசலில் எப்போதும் போல அந்தக் காற்று ஆளைத் தள்ளியது. உள்ளேதான் எதுவும் எப்போதும் போல இல்லை. அர்ச்சனை கிடையாது, தேங்காய் பூ கொண்டுபோகக்கூடாது, விபூதியைக்கூடக் கையில் தரமாட்டார்கள், தட்டிலிருந்து நாமே எடுத்துக்கொள்ளவேண்டும். இப்படித்தான் இருக்கும் என்று தெரிந்து நான் வீட்டிலேயே சந்தனம் அரைத்து டப்பாவில் கொண்டுபோயிருந்தேன். பன்னீரும் ஒரு துளி பச்சைக் கற்பூரமும் சேர்த்தால் நெற்றி ஜில்லென்று இருக்கும். வெளியே வந்ததும் வரிசையாக நிற்கவைத்து எல்லோருக்கும் நெற்றி நிறையப் பூசிவிட்டேன். முருகேசனுக்குப் பூசும்போது விரலுக்குச் சூடாகத்தான் பட்டது. ஜன்னலோரம் வெயிலில் உட்கார்ந்து வந்தான், அதுதான் என்று நினைத்துக்கொண்டேன். சேவியர் வேனைத் துடைத்துக்கொண்டு நின்றான்.

அங்கிருந்து குற்றாலம் ஆறு கிலோமீட்டர். பேரருவிக்குப் போகும் வழியை இரும்புத் தடுப்பு போட்டு மறித்திருந்தார்கள். ஒரு போலீஸ்காரர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஐயப்பமார் கூட்டத்தில் தோளோடு தோள் இடிக்கிற மாதம் அது. எண்ணெய்க் கடை, சிப்ஸ் கடை எல்லாம் சாத்திக் கிடந்தன. குரங்குகள் வேனைப் பார்த்ததும் ஓடிவந்து, ஒன்றும் கிடைக்காமல் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. தூரத்தில் தண்ணீர் நன்றாக விழுந்தது. கீழே நிற்க ஒரு தலை இல்லை. நான் கும்பிட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

பார்க் அதற்கும் கொஞ்சம் தள்ளி இருக்கிறது. பெயர் வேண்டாம், அவர்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. பெரியவர்களுக்கு ஐந்நூற்றைம்பது, பிள்ளைகளுக்கு நானூறு. சேவியர் மாமாவும் வரணும் என்று தர்ஷினி அடம்பிடித்ததால் முருகேசன் அவனுக்கும் சேர்த்து டிக்கெட் வாங்கினான்.

வாசலில் ஒரு காவலாளி நெற்றிக்கு நேரே துப்பாக்கி மாதிரி மெஷினைப் பிடித்து ஒவ்வொருவரையும் பார்த்தார். எங்கள் ஆறு பேருக்கும் தொண்ணூற்றைந்து, தொண்ணூற்றாறு என்று பச்சை வெளிச்சம். கடைசியாக சேவியர். சிவப்பு. நூற்றொன்று என்றது மெஷின்.

சேவியர் துண்டால் நெற்றியைத் துடைத்துவிட்டு, “வெயில்ல நின்னுட்டேன் அண்ணாச்சி, இன்னொரு தடவ பாருங்க” என்றான். இன்னொரு தடவையும் அதேதான்.

கலா இரண்டு பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு நாலு அடி பின்னால் போனாள். நாங்களும் போனோம். நேற்றுவரை ஒரே டம்ளரைக் கழுவிக் கழுவிக் காபி குடித்தவர்கள்தான். சேவியர் அதைப் பார்த்துவிட்டு, தானே இன்னும் கொஞ்சம் தள்ளி நின்றான்.

“நீங்க உள்ள போங்க அக்கா. பிள்ளையள் ஆசையா வந்திருக்கு. நான் வண்டியில இருக்கேன்” என்றான்.

நாங்கள் உள்ளே போனோம். அந்த நேரத்தில் எங்களுக்கு நிம்மதிகூட இருந்தது என்பதுதான் உண்மை. காய்ச்சல் யாருக்கு என்று மெஷினே சொல்லிவிட்டது, அவன் வெளியே இருக்கிறான், நாம் ஆறு பேரும் சுத்தம். எங்கள் வீட்டுக்காரர் சாமிக்கு நன்றி சொன்னார். நானும் சொன்னேன்.

உள்ளே பாதி ஆட்டங்கள் ஓடவில்லை. கூட்டம் இல்லாத இடத்தில் பாட்டு மட்டும் சத்தமாகப் போட்டிருந்தார்கள். உயரத்தில் ஒரு பெரிய வாளி, அது நிறைந்து கவிழும்போது பிள்ளைகள் கத்திய கத்து இன்னும் என் காதில் இருக்கிறது. முருகேசன் தண்ணீரில் இறங்கவே இல்லை. ஒரு மரத்தடி நாற்காலியில் தூங்கிக்கொண்டே இருந்தான். ராத்திரியெல்லாம் கம்ப்யூட்டரில் வேலை, தூங்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

நாலு மணிக்கு வெளியே வந்தபோதுதான் அடுத்த கேள்வி வந்தது. ஊருக்கு எப்படிப் போவது? சேவியர் வேனின் ஜன்னல், கதவு எல்லாவற்றையும் திறந்துபோட்டு, மூக்கையும் வாயையும் துண்டால் கட்டிக்கொண்டு நின்றான்.

“எல்லாத்தையும் திறந்து வச்சு மெதுவா ஓட்டுதேன் ஏட்டையா” என்றான்.

எங்கள் வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை. தென்காசியிலிருந்து வேறு கார் வரவழைத்தார். சேவியருக்கு அதில் வருத்தம் தெரியவில்லை. “அதுவும் சரிதான் ஏட்டையா, பிள்ளையளுக்கு வந்துரக் கூடாதுல்லா” என்றான். மீந்த புளிச்சாதத்தை வேன் பக்கத்துச் சுவரில் வைத்துவிட்டு நான் தள்ளி வந்தபிறகு அவன் வந்து எடுத்துக்கொண்டான். காய்ச்சலோடு தனியாக அவ்வளவு தூரம் ஓட்டப்போகிறான் என்று தெரிந்துதான் காரில் ஏறினோம். தர்ஷினி பின் கண்ணாடி வழியாகக் கையசைத்தாள். அவனும் அசைத்தான்.

அன்று சாயங்காலமே முருகேசனுக்கு உடம்பு கொதித்தது. வெள்ளிக்கிழமை தொடங்கி அடுத்த வெள்ளிக்குள் கலா, எங்கள் வீட்டுக்காரர், தர்ஷினி என்று ஒவ்வொருவராகப் படுத்தார்கள். எங்கள் வீட்டுக்காரருக்கு மூச்சு வாங்கியதால் தென்காசியில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மதுரையிலிருந்து வரும்போதே சேவியரிடமிருந்து தொற்றியிருக்கிறது என்று நாங்கள் முடிவே கட்டிவிட்டோம். தெருவிலும் அதே பேச்சு. ஏட்டு வீட்டுக்கு டிரைவர் கொண்டுவந்து விட்டுட்டான் என்றார்கள். யாரும் மறுக்கவில்லை.

நான் ஒருமுறை சேவியருக்குப் போன் போட்டேன். அவன் வீடு ஒற்றை அறை. பெண் பிள்ளைகளுக்கு வந்துவிடக்கூடாது என்று வேனிலேயே படுத்திருப்பதாகச் சொன்னான். பேச்சுக்கு நடுவே நிறுத்தி நிறுத்தி மூச்சு விட்டான்.

“தர்ஷினி பாப்பா எப்படியிருக்கா அக்கா?”

“காய்ச்சலும் இருமலுமாக் கிடக்கா சேவியரு” என்றேன்.

அவன் போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு இருமினான். பிறகு, “நான் அன்னைக்கு வராம இருந்திருக்கணும் அக்கா” என்றான். நானும் அப்படி இல்லை என்று சொல்லவில்லை. ஏனென்றால் அப்போது நானும் அதைத்தான் நம்பினேன்.

அதற்கு நான்காம் நாள் சேவியரைத் திருநெல்வேலிக்குக் கொண்டுபோனார்கள். இரண்டு நாள் இருந்தான். உடம்பை வீட்டுக்குக் கொண்டுவரவில்லை. ஆஸ்பத்திரியில் பொதிந்த மாதிரியே கல்லறைக்குப் போய்விட்டது. மண் போட நாலு பேருக்குமேல் விடவில்லை.

உண்மை எனக்குத் தெரிந்தது அதற்குப்பிறகு, ஆஸ்பத்திரியில். எங்கள் வீட்டுக்காரருக்கு வீட்டில் சாமிக்கு வைத்த சந்தனத்தை நெற்றியில் பூசிவிட்டு உட்கார்ந்திருந்தேன். காய்ச்சல் பார்க்க வந்த நர்ஸ் பிள்ளை ஈரப் பஞ்சால் அதைத் துடைத்தாள். ஏம்மா சாமி சந்தனத்தைத் துடைக்கிறாய் என்று கேட்டேன்.

“இது மேல பார்த்தா மெஷின் கொறச்சுக் காட்டும்மா. சந்தனம் குளுமைல்லா, காய்ச்சலே தெரியாது” என்றாள்.

நான் எழுந்து வெளியே வந்து, வீட்டிலிருந்த கலாவுக்குப் போன் போட்டேன். பார்க் வாசலில் நெற்றியில் சந்தனம் இல்லாமல் நின்ற ஒரே ஆள் சேவியர். எப்போதிருந்து உன் வீட்டுக்காரனுக்கு உடம்பு சரியில்லை என்று நேராகக் கேட்டேன். அழுதுவிட்டாள். ரயிலிலேயே தொண்டை கரகரப்பு, மதுரையில் இறங்கும்போது உடம்பு வலி. வெள்ளிக்கிழமை காலையில் காய்ச்சல் மாத்திரை போட்டுக்கொண்டுதான் வேனில் ஏறியிருக்கிறான்.

“சொன்னா பயணம் நின்னுரும், பிள்ளையள் ஏங்கிப் போகும்னு சொல்லல மதினி” என்றாள்.

செவ்வாய்க்கிழமை மூன்று மணி நேரம் ஜன்னலை ஏற்றிக்கொண்டு சேவியரோடு வந்தவன் முருகேசன். யாரிடமிருந்து யாருக்குப் போயிற்று என்று இதற்குமேல் நான் சொல்லவேண்டாம்.

எங்கள் வீட்டுக்காரர் பிழைத்து வந்தபிறகு சேவியர் வீட்டுக்குப் போனேன். வாசலில் வேன் நின்றது. உள்ளே அவன் படுத்திருந்த பாய் இன்னும் சுருட்டாமல் கிடந்தது. அவன் மனைவி ஜெசிந்தா நாற்காலி எடுத்துப் போட்டாள். உட்காரவில்லை. நின்றபடியே, சேவியர் எங்களுக்குக் கொண்டுவரவில்லை, எங்கள் வீட்டிலிருந்துதான் அவனுக்குப் போயிற்று என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

ஜெசிந்தா வேனுக்குள் கைநீட்டி அந்தப் பாயின் ஓரத்தை இழுத்து நேராக்கினாள்.

“பாப்பாவுக்கு எப்படியிருக்குன்னு கேளு, கேளுன்னுதான் கடைசிவரைக்கும் போன்ல சொன்னாரு. என்னாலதான் அந்தப் பிள்ளைக்கு வந்துட்டுன்னு சொல்லிக்கிட்டேதான் கண்ண மூடுனாரு” என்றாள். பிறகு, “நீங்க சொல்லுதத நான் நம்புதேன் அக்கா. நான் நம்பி என்ன செய்ய? இத அவருல்லா கேட்டிருக்கணும்” என்றாள்.

 அவள் கேட்டதை நானும் சாமியிடம் கேட்டுப் பார்த்துவிட்டேன்.

இனி நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். தண்ணீர், கூட்டம், பக்கத்தில் இருமுகிறவன், இதையெல்லாம் யோசிப்பது நல்லதுதான். அதற்கு முன்னால் வண்டியில் ஏறப்போகிற ஒவ்வொருவரையும் கழுத்தில் கைவைத்துப் பாருங்கள். மாத்திரை போட்டவர்கள் இருந்தால் வாய்விட்டுக் கேளுங்கள். மெஷின் வைத்துப் பார்க்கிற இடத்தில் நெற்றியைத் துடைத்துவிட்டு நில்லுங்கள், சாமி ஒன்றும் கோபித்துக்கொள்ளாது. டிரைவர் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், அவருக்கு ஒன்று என்றால் தனியாகப் படுக்க இடம் உண்டா என்றும் கேளுங்கள். நீங்கள் போகிற பயணத்தில் அவரும்தான் போகிறார். சந்தேகமாக இருந்தால் போகாதீர்கள். பிள்ளைகள் ஒரு நாள் அழும், அவ்வளவுதான்.

தர்ஷினி இப்போது எட்டாம் வகுப்பு. போன லீவில் வந்திருந்தபோது, அந்தப் பார்க்கில் என்னவெல்லாம் விளையாடினாய், சொல்லு என்று கேட்டேன். ஒரு வாளி இருந்தது, வேறு ஒன்றும் ஞாபகமில்லை என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, “சேவியர் மாமா வெளிய நின்னு கை காட்டுனாங்க அத்தை, அது நல்லா ஞாபகமிருக்கு” என்றாள்.