காட்டுமாட்டுக்கு ஆறு கண்ணாடி

அருளப்பனை ஓரிடத்தில் உட்கார வைப்பது யாராலும் ஆகாத காரியம். மாதா கோயில் பூசை நேரத்தில்கூட அவர் கால் கட்டைவிரல் தரையைச் சுரண்டிக்கொண்டே இருக்கும். பெரியாற்று அணை வேலை நடந்த காலத்தில் லோயர் கேம்ப் கிடங்கில் ரைட்டராக இருந்தார். சனிக்கிழமை இராயப்பன்பட்டி வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே, நாளைக்கு எங்கே கிளம்பலாம் என்பார்.

சீமைக்குத் திரும்பிய ஒரு துரை, தன் படம் பிடிக்கிற பெட்டியையும் படம் பதிய மிச்சமிருந்த ஆறு கண்ணாடித் தகடுகளையும் அவரிடம் விட்டுப் போனார். அதன்பின் ஞாயிறுதோறும் பூசை முடிந்த கையோடு மனைவி ரோசம்மாளையும் மகள் ஞானசெல்வியையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு சுருளி அடிவாரத்துக்குப் போய்விடுவார், காட்டுமாடு பார்க்க. துரைமார் துப்பாக்கியோடு போகிற காட்டுக்கு இவர் குடும்பத்தோடு போகிறாரே என்று ஊர் சிரித்தது.

காட்டோரம் வந்ததும் வண்டிக்காரரான சங்கிலி, மாடுகளின் கழுத்து மணியைக் கழற்றி மடியில் கட்டிக்கொள்வார். காற்று எதிரே அடிக்கும் பக்கமாக, புதருக்கு இப்பால் உட்கார வேண்டும். பேச்சு கூடாது, சுருட்டு கூடாது, கிட்டே போகக் கூடாது. சட்டமெல்லாம் அருளப்பன் போட்டதுதான். மீறுகிறவரும் அவர்தான். பெட்டியின் முக்காலியை இங்கே நடுவார், பிடுங்கி அங்கே நடுவார், திருகாணியை முறுக்குவார், மறுபடி தளர்த்துவார்.

அந்த வருஷம் ஞானசெல்விக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளைக்கு இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை. கப்பல் ஏறினால் எப்போது திரும்புவாளோ தெரியாது. அவள் கேட்ட சீர் ஒன்றே ஒன்று.

"வாராவாரம் நாம பாக்குற அந்தக் காது கிழிஞ்ச தாய்மாடும் கன்னும் நிக்கிற படம் ஒண்ணு குடுங்கய்யா. எங்க ஊரு எப்படின்னு அங்கன யாரும் கேட்டா காட்டணும்."

அன்றிலிருந்து அருளப்பனுக்குத் தூக்கம் போயிற்று. ஆறு ஞாயிறு, ஆறு தகடு. கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்துப் பார்ப்பார். தகட்டைப் போட்டு, பெட்டிக்கண்ணின் மூடியைக் கழற்றி, ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி மூடுவார்.

கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கையில், அடுப்படியை இருட்டாக அடைத்து, சிவப்பு விளக்கை வைத்துக்கொண்டு, துரை சொல்லிக்கொடுத்தபடி தகடுகளை மருந்துத் தண்ணீரில் கழுவினார். ஆறும் படமே இல்லாமல் அட்டக்கரியாக வந்தன.

ரோசம்மாள் எட்டிப் பார்த்தாள். "கெட்டுப்போச்சா? மொத நாளே மந்திரிச்சுத்தான வச்சேன்."

"எதை மந்திரிச்ச?"

"இந்தக் கண்ணாடியத்தான். காட்டுக்குப் போறமேன்னு முத்தத்துல வச்சு, கறுப்புக் காயிதத்தப் பிரிச்சு, ஒவ்வொண்ணுக்கும் தீர்த்தம் தெளிச்சேன். முந்தானையில தொடச்சுத்தான் திரும்பச் சுத்துனேன்."

அந்த வீட்டில் புதுக் கலப்பையோ கட்டிலோ தீர்த்தம் படாமல் புழக்கத்துக்கு வராது. பெட்டிமேல் தெளித்தால் பெட்டிக்குத்தானே சேரும், உள்ளே வைக்கிற கண்ணாடிக்குச் சேராதே என்று நினைத்திருக்கிறாள். நடு முற்றத்து வெயிலைக் குடித்த தகட்டில் அப்புறம் எந்த மாடு வந்து நிற்கும்?

"வெளிச்சம் படக்கூடாதுன்னு தெரியாதா ஒனக்கு?"

"நீங்க சொன்னீகளா? கேட்டப்பல்லாம் ஒனக்கு வெளங்காதுன்னு எந்திரிச்சுப் போனீக."

அப்படித்தான் போயிருந்தார். இதைச் சொல்லும் எனக்கு அந்த இடத்தில் அவர்மேல் இரக்கமே வருவதில்லை. புதுத் தகடு பட்டணத்திலிருந்து வர ஒரு மாதமாவது ஆகும்.

ஞானசெல்வி அழவில்லை. "போனாப் போகுதுய்யா. அந்தக் கன்னு வளந்து, தாய் மாதிரி கால்ல வெள்ள விழுந்திருச்சா, பாத்தீகளா?"

ஆறு வாரமும் அருளப்பன் திருகாணியைத்தான் பார்த்திருந்தார்.

"இப்பத்தான் விழுகுது. முன்னங்கால்ல மட்டும்," என்றாள் ரோசம்மாள். செபமாலையோடு சும்மா உட்கார்ந்திருந்தவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

கடைசி ஞாயிறு பெட்டியில்லாமல் போனார்கள். தாயும் கன்றும் வழக்கமான நேரத்துக்கு வந்தன. ஞானசெல்வி முழங்காலைக் கட்டிக்கொண்டு கண்ணெடுக்காமல் பார்த்தாள். அருளப்பனின் விரல் மண்ணைச் சுரண்டியது. கைகள் எதைப் பிடிப்பதென்று தெரியாமல் மடியில் அலைந்தன. பிறகு அவர் மாட்டை விட்டுவிட்டு மகளின் முகத்தைப் பார்த்தார். வாய்க்குள் எண்ணத் தொடங்கினார். ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றில் மூடிவிட வேண்டும். சங்கிலி வந்து வண்டி பூட்டியாயிற்று என்று தோளைத் தொடும்வரை அவர் எண்ணிக்கொண்டே இருந்தார்.