மெலனிக்காக ஒரு பூசை

லண்டன் டூட்டிங் ஸ்டேஷன் படியேறி வெளியே வந்தேன். மட்டன் ரோல்ஸ் பொரியும் வாசனை. மழை நனைத்த நடைபாதை, டீசல் புகை, ஈரக் கோட்டுகள் — எல்லாவற்றையும் விலக்கிக்கொண்டு அந்த எண்ணெய் வாசனை முன்னால் வந்து நின்றது. வேறு யாருக்கானாலும் பசி எடுத்திருக்கும். எனக்குக் கோபம் வந்தது.

ரோல்ஸோடு எனக்கு என்ன பகை? ஒன்றுமில்லை. இரண்டு ஞாயிறுக்கு முன், தமிழ்ப் பூசை முடிந்து, எங்கள் கத்தோலிக்கக் கோயில் மண்டபத்தில் இதே வாசனைக்கு நடுவே நின்றபோது வந்த கோபம் இது. இன்னும் ஆறவில்லை. ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும். கோபத்தை ஆறப்போட்டு, பதம் பார்த்து எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது என்பது வாராவாரம் இதைப் படிக்கும் உங்களுக்குத் தெரியும்.

எழுதலாமா என்று சம்பந்தப்பட்ட பிள்ளையிடம் போனில் கேட்டேன். "எழுதுங்கோ அன்ரி. நேமை மட்டும் மாத்துங்கோ" என்றாள். ஆகவே, மெலனி. பதினேழு வயது. யியர் ட்வெல்வ், அதாவது ஏ லெவலின் முதல் வருடம். அவளுடைய அம்மா ஜெசிந்தாவும் நானும் ஒரே கோயில் பங்கு. அப்பா அன்ரனுக்குப் பெற்றோல் ஸ்டேஷனில் இரவு ஷிப்ட். மாதம் ஒரு முறை நடக்கும் எங்கள் தமிழ்ப் பூசைக்குக் கீபோர்ட் வாசிப்பவள் மெலனிதான்.

அன்றைக்கும் கீபோர்ட் முன்னால்தான் இருந்தாள். வருகைப் பாடலுக்கு முன், வழக்கம்போல, ஃபாதர் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டுப் பூசைக் கருத்துகளை வாசித்தார். அன்றைய பூசை யார் யாருக்காக ஒப்புக்கொடுக்கப்படுகிறது என்ற அறிவிப்பு. பெரும்பாலும் இறந்தவர்கள். இன்னாரின் ஆன்ம இளைப்பாற்றிக்காக... இன்னாரின் ஓராண்டு நினைவாக... கடைசியில், அதே குரலில், அதே ஏற்ற இறக்கத்தில்:

"செல்வி மெலனி அன்ரன், மருத்துவக் கல்லூரிக்குத் தெரிவு செய்யப்பட வேண்டி, பெற்றோரால் ஒப்புக்கொடுக்கப்படுகிறது."

கோயில் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. மெலனி யாரையும் பார்க்கவில்லை. எதிர்ச் சுவரை, அந்தச் சுவரில் ஏதோ எழுதியிருப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பாட்டைத் தொடங்கினாள். அப்படி ஒரு வேகம்! பாடகர் குழு மூச்சு வாங்கி வாங்கிப் பின்னால் ஓடியது.

பூசை முடிந்து மண்டபம். ரோல்ஸ், தேத்தண்ணி, வாழ்த்து — மூன்றும் சுடச்சுட.

"டொக்டர் பிள்ளை, இஞ்ச வா, என்ர முழங்காலை ஒருக்காப் பார்" என்றார் ஒரு அக்கா.

"என்ன பிரெடிக்சன்? மூண்டு ஏ ஸ்டாரோ?" என்றார் இன்னொருவர்.

"இன்ரவியூவுக்குக் கிளாஸுக்கு விட்டாச்சோ? இன்னும் இல்லையோ! நாங்கள் எங்கட ஆளை யியர் டென்னிலயே விட்டனாங்கள்."

பிரெடிக்சன்! இந்த ஊரின் விசித்திரங்களில் ஒன்று. பிள்ளை இன்னும் எழுதாத பரீட்சையில் என்ன எடுக்கும் என்று ஆசிரியர் முன்கூட்டியே ஊகித்துச் சொல்வது. அந்த ஊகத்தை வைத்துத்தான் யூனிவர்சிட்டிகள் இடம் தருகின்றன. ஊகத்துக்கு அடித்தளம் யியர் ட்வெல்வ் முடிவில் வரும் ஸ்கூல் பரீட்சை. ஆகவே பதினாறு முடிந்து பதினேழு தொடங்கும் அந்த வயது — காரணமில்லாமல் சிரிக்க வேண்டிய, காரணமில்லாமல் அழ வேண்டிய அந்த வயது — ஒரு நீண்ட நேர்முகத் தேர்வாகிவிட்டது. சனிக்கிழமை டியூஷன். ஞாயிறு வேறு டியூஷன். லீவுக்கு வேர்க் எக்ஸ்பீரியன்ஸ். "ஏன் இந்தப் பாடம்?" என்பதற்கு உருக்கமான பதில். பிள்ளைக்கு மழையைப் பார்க்க எங்கே நேரம்? லண்டனில் மழைக்கா பஞ்சம்!

இருக்கட்டும். மண்டபத்துக்கு வருவோம்.

டொக்டர் சேவியர் வந்தார். மலேசியாக்காரர். படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்டவர், நல்ல மனிதர். "ஜூலைல ரெண்டு வாரம் நம்ம வார்டுக்கு வரட்டும், அன்ரன். ஒரே ஒரு இடம்தான் இருக்கு. நான் பேசிடுறேன்" என்றார். ஆஸ்பத்திரியில் இரண்டு வாரம் நின்று பார்ப்பது மெடிசினுக்கு அப்ளை பண்ணுகிறவர்களுக்கு எப்பேர்ப்பட்ட விஷயம் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். அன்ரன் டொக்டரின் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். விடவில்லை. டொக்டரின் மற்றக் கையில் ரோல்ஸ் ஆறிக்கொண்டிருந்தது.

யாரோ என் முழங்கையை இழுத்தார்கள். மெலனி. கோட்டுகள் தொங்கும் ஒடுங்கிய அறைக்குள் என்னைக் கொண்டுபோய் நிறுத்தினாள்.

"அன்ரி, நான் கெமிஸ்ட்ரியே படிக்கேல்லை."

"என்ன?"

"ஒக்டோபரில விட்டிட்டன். அதுக்குப் பதிலா ஜியோகிரபி. கெமிஸ்ட்ரி இல்லாம நான் எப்பிடி மெடிசினுக்கு அப்ளை பண்ணுறது?"

"ஸ்கூலில இருந்து வீட்டுக்கு அறிவிக்கேல்லையோ?"

"அறிவிச்சவை. அப்பாவின்ர இமெயிலுக்கு. அப்பாவின்ர இமெயில் நான்தானே பாக்கிறனான். அப்பா 'ஓகே, தாங்க் யூ' எண்டு ரிப்ளை பண்ணினவர்."

எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். நம் வீடுகள் பல இப்படித்தானே நடக்கின்றன? கவுன்சில், கரண்ட் பில், ஸ்கூல்... வீட்டுக்குள் வரும் இங்கிலீஷ் அத்தனையும் பிள்ளையின் தலையில். பத்து வயதிலேயே அவர்கள் நமக்குச் செக்ரட்டரி. ஆனாலும் செய்தது பிழைதான். அவளிடமும் அப்படியே சொன்னேன்.

"தெரியும் அன்ரி. அதுக்குப் பிறகு ஒழுங்கா நித்திரையும் இல்லை."

"அப்பிடி என்ன இருக்கு ஜியோகிரபியில?"

முகம் மாறியது. அந்த இருட்டு அறையில், மற்றவர்களின் ஈரக் கோட்டுகளுக்கு நடுவே, வேறொரு பிள்ளை நின்றாள்.

"மார்ச்சில ஒரு ஆத்துக்குக் கூட்டிக்கொண்டு போனவை. அம்மாவுக்கு பயோலஜி ட்ரிப் எண்டு சொன்னனான். முழங்கால் வரைக்கும் தண்ணி, சரியான குளிர். தண்ணி என்ன ஸ்பீடில போகுதெண்டு பாக்கத் தோடம்பழம் போடுறது."

"தோடம்பழமோ! ஒரேஞ்சோ!"

"ஓம் அன்ரி. பாதி தாண்டு மிதக்கும், காத்து தள்ளாது. நான் கீழ நிண்டு பிடிக்கிறனான். நடுவில விட்டா பறக்குது. கரையில விட்டா சும்மா நிண்டு சுத்துது. ஒரே ஆறு! பெரிய மழைக்கு அந்த ஆறு ஆரின்ர வீட்டுக்குள்ள வரும் எண்டு கணக்குப் போடலாம் தெரியுமோ? அதைத்தான் நான் செய்யப்போறன்."

பிறகு குரல் இறங்கியது. "அந்த வார்ட் இடத்தை நான் எடுத்தா, உண்மையா டொக்டராக வேணும் எண்டு நிக்கிற ஆருக்கோ அது இல்லாமப் போகும். என்னால ஓம் சொல்ல ஏலாது. அம்மாவுக்கு நீங்கள் சொல்லுங்கோ, ப்ளீஸ். அம்மா அப்பாவுக்குச் சொல்லுவா."

போனேன். சமையலறையில் ஜெசிந்தா தேத்தண்ணிக் கப்புகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். என்ன வார்த்தையில் தொடங்குவது, அவள் அழுதால் என்ன செய்வது என்றெல்லாம் யோசித்துக்கொண்டு பக்கத்தில் போய் ஒரு துவாயை எடுத்தேன்.

"ஜெசிந்தா, உம்மோட ஒரு விஷயம் கதைக்கவேணும்."

"கெமிஸ்ட்ரி விஷயம்தானே?" என்றாள், தலையை நிமிர்த்தாமல்.

துவாய் என் கையிலேயே நின்றது.

"உமக்குத் தெரியுமோ?"

"கிறிஸ்மசுக்கு முன்னமே தெரியும் அக்கா. ஒவ்வொரு நாளும் அவளின்ர பையை நடைவழியில இருந்து தூக்கி வைக்கிறது ஆர்? நான்தானே. ஒரு நாள் பை பாரம் குறைஞ்சு போச்சு. திறந்து பாத்தன், கெமிஸ்ட்ரிப் புத்தகம் ஒண்டும் இல்லை."

"தெரிஞ்சுகொண்டே ஏன் பூசை ஒப்புக்கொடுத்தனீர்?"

"தெரிஞ்சபடியாத்தான் ஒப்புக்கொடுத்தனான்." குழாயை மூடினாள். "வீட்டில சொன்னா ஒரு வாய்ச் சண்டை. கதவை அடிச்சுச் சாத்திப்போட்டுப் போயிடுவாள். ஃபாதர் மைக்கில வாசிச்சா? இவ்வளவு சனத்துக்கு முன்னால இல்லை எண்டுவாளோ? வெக்கத்துக்காவது திரும்பிக் கெமிஸ்ட்ரிக்குப் போவாள். ஒரு வருஷம் பிந்தினாலும் பரவாயில்லை."

"கடவுளிட்ட மனசுக்குள்ள கேட்டிருக்கலாமே, ஜெசிந்தா!"

"கடவுள் ஆறுதலாத்தான் செய்வார் அக்கா. சனம் உடன செய்யும்."

இப்போது சொல்லுங்கள், என் கோபம் எந்தப் பக்கம் பாய வேண்டும்?

ஒரு தாய், ஒரு பீடம், ஒரு மைக். பெற்ற பிள்ளையைச் சுற்றி வளைக்க முழுக் கோயிலையும் வேலி மாதிரி நட்டிருக்கிறாள். அங்கே முழங்காலில் நின்ற ஒவ்வொருவரும், நான் உட்பட, "ஆமென்" என்று சொல்லி அந்த வேலிக்கு ஒரு முடிச்சுப் போட்டோம். நாங்கள் பிரார்த்தித்ததாக நினைத்தோம். மிரட்டிக்கொண்டிருந்தோம்.

வேதக்காரர் வீட்டு விவகாரம்தானே என்று சைவக்காரர் சிரிக்க வேண்டாம். ஆர்ச்வே மேட்டு முருகன் கோயிலுக்கு ஏறி, பிள்ளையின் பெயர், நட்சத்திரத்தோடு யூனிவர்சிட்டிக் கோர்ஸின் கோட் நம்பரையும் ஐயருக்குச் சொல்லி அர்ச்சனை செய்விக்கிறவர்களை எனக்குத் தெரியும். முருகன் பாவம். எந்த யூனியில் எத்தனை சீட் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடமாகியிருக்கும்.

பிள்ளைக்காகக் கேட்கிறோமா, பிள்ளைக்கு எதிராகக் கேட்கிறோமா? பிள்ளை ஆற்றில் நின்று தோடம்பழம் பிடிக்கிறது. நாம் கரையில் நின்று, "அது எங்கட ஆறு இல்லை, ஏறி வா" என்று கத்துகிறோம். அதற்கு ஒலிபெருக்கி வேறு!

இதில் பாதியையாவது ஜெசிந்தாவிடமே கொட்டினேன். அவள் கப்பைத் துடைத்தபடி கேட்டாள், "அன்ரனுக்கு ஆர் சொல்லுறது? நீங்களோ? சிகரெட் வாங்க வாற வெள்ளையனுக்கும் சொல்லி வைச்சிருக்கு அந்த மனுசன், என்ர மகள் டொக்டராகப் போறாள் எண்டு. இரவிரவா முழிச்சிருக்கிறதுக்கு அவருக்கு அது ஒண்டுதான் இருக்கு. நீங்கள் பேப்பரில எழுதிப்போட்டுப் போயிடுவியள். வீட்டில நான் இருக்கவேணும்."

துவாயை மடித்து வைத்தேன். அவள் சொன்னதைக் கேட்டுக் கோபம் குறைந்தது என்று நினைக்காதீர்கள். கூடியது.

கோட் அறைக்குத் திரும்பி மெலனியிடம் சொன்னேன், "அம்மாவுக்கு எப்பவோ தெரியும்."

முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. பூசைக் கருத்தும் சேர்த்து விளங்கியது. முகம் சிவந்து, கண் நிறைந்து, வழியாமல் அப்படியே நின்றது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அப்ப இன்னும் ஒரு ஆளுக்குத்தான் சொல்லவேணும்" என்றாள்.

நான் தடுப்பதற்குள் போய்விட்டாள். தடுத்திருப்பேனா என்பதும் சந்தேகம்தான்.

மண்டபத்தின் நடுவில், அன்ரனும் டொக்டர் சேவியரும் இன்னும் ஒன்றாகத்தான் நின்றார்கள். மெலனி நேரே போனாள். வழக்கமாகப் பெரியவர்களிடம் இங்கிலீஷில் தப்பித்துக்கொள்கிற பிள்ளை, தமிழில் பேசினாள். அப்பாவுக்கு ஒரு சொல்லும் தவறக் கூடாது என்று நினைத்தாளோ என்னவோ.

"டொக்டர் அங்கிள், தாங்க் யூ. அந்த இடம் எனக்கு வேண்டாம், வேற ஆருக்காவது குடுங்கோ. நான் கெமிஸ்ட்ரியை ஒக்டோபரில விட்டிட்டன். நான் டொக்டராக வரமாட்டன். அப்பா, உங்கட இமெயிலில நான்தான் பதில் போட்டனான். அது பிழை. சொறி."

முழங்கால் அக்கா வாயில் வைத்த ரோல்ஸைக் கடிக்க மறந்தார்.

டொக்டர்தான் முதலில் வாய் திறந்தார். "அட, அதுக்கென்னம்மா! கேட்டவங்க நிறைய பேர் இருக்காங்க லா." அவருக்கு அது நிஜமாகவே சின்ன விஷயம். சிரித்தபடி மெலனியின் தோளைத் தட்டினார்.

அன்ரன் சிரிக்கவில்லை. "சொறி டொக்டர். உங்கட நேரத்தை வீணாக்கிப்போட்டம்" என்றார். திரும்பவும், "சொறி டொக்டர்." திரும்பவும். மகளின் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. தன் நெஞ்சில் இருந்ததை முதல்முறையாகத் திறந்து காட்டிய பிள்ளை கையெட்டும் தூரத்தில் நிற்கிறது. மனிதர் டொக்டரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கிறார்! டொக்டருக்கு என்ன நட்டம்? ஒரு ரோல்ஸ் ஆறிப்போனது, அவ்வளவுதான்.

கார் பார்க்கில் அவர்களைப் பிடித்துக்கொண்டேன். ஜெசிந்தா முன் சீட்டில், ரோல்ஸ் கொண்டுவந்த வெறும் தட்டை மடியில் வைத்துக்கொண்டு நேரே பார்த்தபடி இருந்தாள். அன்ரன் சாவியைப் போட்டுவிட்டுக் கண்ணாடியை இறக்கினார்.

"அன்ரன், பிள்ளை மறைச்சது பிழை, இல்லையெண்டு சொல்லேல்லை" என்றேன். "ஆனா உமக்குப் பயந்துதான் மறைச்சவள். இண்டைக்கு அந்தப் பயத்தோடயே வந்து சொன்னவள். அதைப் பாக்க மாட்டீரோ?"

"எல்லாருக்கும் முன்னால சொன்னவள், அக்கா."

"எல்லாருக்கும் முன்னால மைக்கில வாசிப்பிச்சது ஆர்?"

ஜெசிந்தா தட்டின் விளிம்பை விரலால் தடவினாள். அன்ரன் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். என்ஜின் ஓடியது. வைப்பர் இரண்டு மூன்று தரம் போய் வந்தது.

"அடுத்த மாசம் பூசைக்கு நாங்கள் வரமாட்டம்" என்றார் கடைசியில். "எந்த முகத்தோட வாறது?"

என் பின்னாலேயே வந்திருந்த மெலனி பின் கதவைத் திறந்து, ஒரு காலை உள்ளே வைத்துவிட்டு நின்றாள்.

"நான் வருவன் அப்பா. நீங்கள் வராட்டி, நான் பஸ்ஸில வாறன்."