பைப்புக்கும் குளிரும்

போன வெள்ளிக்கிழமை ஸ்டெல்லா ஆன்ட்டியிடமிருந்து போன். நாகர்கோவில்காரர், நர்ஸ். டெக்ஸஸில் இந்த ரவுண்ட் ராக்கில் எங்களுக்குப் பல வருடம் சீனியர். மறுநாள் மதியம் அவருக்குக் குடும்பத்தோடு எங்கள் வீட்டில் சாப்பாடு. என்ன சமையல் என்று கேட்கத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன்.

"மக்ளே, வெளிய உள்ள பைப்ப எல்லாம் பொதிஞ்சாச்சா? ராத்திரி ஃப்ரீஸ் ஆவும்னு டி.வி.ல சொல்லுதான். கிச்சன் குழாய லேசா சொட்ட விடு. சிங்க்குக்குக் கீழ கதவத் தொறந்து வை."

என் கணவர் முருகேசனிடம் சொன்னேன். சிரித்தார்.

"பிஸ்கட்டவேல வருஷா வருஷம் ஸ்னோவ அள்ளிக் கொட்டினவன் நான். எனக்கு டெக்ஸஸ் குளிரா?"

எனக்கும் அதே நினைப்புதான். நியூ ஜெர்சியின் பிஸ்கட்டவேயை விட்டு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லையே!

இருந்தாலும் ஆன்ட்டி சொல்லைத் தட்டக்கூடாது என்று கடைக்குப் போனோம். பைப்புக்குச் சுற்றும் ஃபோம் இருந்த ஷெல்ஃப்... காலி. ஊரே வாங்கிப் போயிருந்தது.

முருகேசன் அசரவில்லை. பெட்டியில் தூங்கிக்கொண்டிருந்த தன் பழைய விண்டர் ஜாக்கெட்டை எடுத்தார். தோட்டத்துக் குழாய்க்குப் போர்த்தி, மஃப்ளர் சுற்றி, ஸிப்பையும் போட்டுவிட்டார். எங்கள் ஏழு வயது நிலா பார்த்துவிட்டு, "அப்பா, இட் லுக்ஸ் லைக் யூ!" என்றாள்.

கிச்சன் குழாயைச் சொட்ட விட்டோமா? "தண்ணிய வேஸ்ட் பண்ணுவாங்களா?" என்று இன்னும் இறுக்கி மூடினார்.

காலையில் தோட்டத்துக் குழாய் சௌக்கியம். கிச்சன் குழாயைத் திறந்தேன் – காற்றுகூட வரவில்லை.

சிங்க் நிறையப் பாத்திரம். கழுவாத கோழி. அதைவிடப் பயம், சுவருக்குள் பைப் வெடித்திருந்தால்? ஐஸ் உருகியதும் வீட்டுக்குள் வெள்ளம்தான். பிளம்பருக்கு போன் போட்டால் மணி அடித்துக்கொண்டே இருந்தது. முருகேசன் முகத்தில் பிஸ்கட்டவே வீரம் எதுவும் இல்லை.

"ஆன்ட்டிகிட்ட மட்டும் சொல்லிடாத."

பிறகு என் ஹேர் டிரையரோடு சிங்க்குக்கு அடியில் நுழைந்தார். குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு நான் மேலே காவல். கிர்ர்... ஒரு இருமல்... ஒரு துப்பல்... அப்புறம் கொட்டியதே தண்ணீர்! டார்ச் அடித்துப் பார்த்தோம். எங்கும் ஒழுகவில்லை. மூவரும் கை தட்டினோம்.

கோழியைக் கழுவும்போதுதான் எனக்கு உறைத்தது. பிஸ்கட்டவேயில் குளிரைத் தாங்கியது நாங்களா? குளிருக்கென்றே கட்டிய அந்த வீடு! பெயரை மட்டும் நாங்கள் தட்டிக்கொண்டு வந்துவிட்டோம். இங்கே பைப்புகள் எல்லாம் வெயிலை நம்பிப் போட்டவை.

மதியம் ஸ்டெல்லா ஆன்ட்டி உள்ளே நுழைந்ததும் முதல் கேள்வி. "தண்ணி வருதா மக்ளே?"

"ஏன் ஆன்ட்டி வராம?" என்றார் முருகேசன், கம்பீரமாக.

"அப்பா ப்ளோ-டிரைடு த சிங்க்!" என்றாள் நிலா.

இந்த நாட்டில் பிறந்த பிள்ளைகள் தமிழில் பேசுவதில்லை என்று எல்லோரும் குறைப்படுகிறோம். ஆங்கிலத்திலும் கொஞ்சம் குறைத்துக்கொண்டால் நல்லது!