கட்டைவிரல் நின்ற படம்

"சார், போட்டிக்கு எந்தப் படத்தை அனுப்பலாம்?" என்று முன்பு ஒருவர் கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை. இன்று பிரிக்பீல்ட்ஸ் பூக்கடையில் தெரிந்தது.

கடைக்கார மாலா, தனக்குப் பிடித்த படங்களை இயற்கைக் காட்சிப் போட்டிக்கு அனுப்பி இரண்டு முறை தோற்றவர். இந்த ஆண்டும் ஒரு படம்தான் அனுப்பலாம். இன்றே கடைசி நாள்.

கைப்பேசியை நீட்டினார். "பத்துப் படம் சார். சும்மா தள்ளித் தள்ளிப் பாருங்க."

பார்த்துவிட்டு, "எல்லாமே அழகு" என்றேன்.

"எல்லாரும் அதான் சொல்றாங்க லா. நான் உங்க கட்டைவிரலைத்தான் பார்த்தேன். பந்திங் செம்பனைத் தோட்டத்து மழைப் படத்துல நின்னுடுச்சு. காலையில இருந்து பார்த்த ஏழு பேருக்கும் அங்கதான் நின்னுச்சு."

மூன்று விடியல் காத்திருந்து எடுத்த கடற்கரைப் படத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு மழையை அனுப்பினார்.

வகுப்பில் "புரிஞ்சுதா?" என்று கேட்டே, மாணவர் முகத்தைப் பார்க்காமலே ஓய்வு பெற்ற ஆசிரியன் நான்.

உங்கள் படங்களை இன்று யாரிடமாவது கொடுங்கள். கருத்துக் கேட்காமல், விரலைப் பாருங்கள்.