எதிர்ப்பக்கமாக நடந்த பௌர்ணமிகள்

விழாவுக்காக ஒரு பொதுச் சாலையைத் தற்காலிகமாக மூடும்போது, அந்தச் சாலையில் குடியிருப்பவர்கள் தங்கள் வீட்டுக்குப் போய்வரத் தக்க ஏற்பாடு செய்ய வேண்டும் என்பது விதி. இப்படிப்பட்ட வாக்கியங்களை எழுதியும் திருத்தியுமே என் உத்தியோகக் காலம் கழிந்தது. ‘தக்க ஏற்பாடு’ என்று எழுதினால் யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் மனுப் போட்டேன்.

ஓய்வுபெற்ற பிறகு, வேங்கிக்கால் பக்கம் ஒரு தனியார் கல்லூரியின் அலுவலகத்தை ஒழுங்குபடுத்தித் தரும் ஒப்பந்த வேலை கிடைத்து, தஞ்சாவூரிலிருந்து திருவண்ணாமலைக்கு வந்தோம். என் மனைவிக்கு அதற்கு முந்தைய ஆண்டு பக்கவாதம் வந்திருந்தது. இடது கையும் காலும் அவள் சொல்வதைப் பாதிதான் கேட்கும். படி ஏறாத வீடாகத் தேடியதில், அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையை ஒட்டி ஒன்று அமைந்தது. பகலில் அவளைப் பார்த்துக்கொள்ள அந்த ஊர்ப் பெண் ஒருத்தி வந்தாள். அவள் கணவருடைய ஆட்டோவில் நான் வேலைக்குப் போய் வந்தேன்.

முதல் மாதமே அந்தப் பெண் சொல்லிவிட்டாள். “பௌர்ணமின்னா மதியத்தோட கெளம்பிடுவேன் சார். பாதையில டீக்கடை போடணும்.”

“விடுப்பு வேணும்னா முன்கூட்டியே சொல்லணும்மா.”

“பௌர்ணமி எப்ப வரும்னு நான் வேற சொல்லணுமா சார்?”

கல்லூரியிலும் இதே கதைதான். அன்று பாதி நாற்காலிகள் காலியாக இருக்கும். அன்றைக்கும் அலுவலகத்தைத் திறந்துவைக்கத்தான் வெளியூர்க்காரனான என்னை எடுத்திருக்கிறார்கள் என்பது போகப்போகப் புரிந்தது. ஆக, பௌர்ணமி மதியத்திலிருந்து நான் வீடு திரும்பும்வரை என் மனைவி தனியாக இருந்தாக வேண்டும். தஞ்சாவூரில் ஒருமுறை தானாக எழுந்து குளியலறைக்குப் போகப் பார்த்து விழுந்திருக்கிறாள்.

வைகாசிப் பௌர்ணமியன்று மாலை, நாங்கள் வரும் சாலை கிரிவலப் பாதையில் சேரும் இடத்தில் தடுப்பு போட்டிருந்தார்கள். ஆட்டோக்காரர் தலையை வெளியே நீட்டி, “லோக்கல்” என்றார். காவலர் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத் தடுப்பை நகர்த்தினார்.

“எந்த உத்தரவுப்படி விட்டார்?” என்று கேட்டேன்.

“உத்தரவா? மூஞ்சியப் பாத்து உட்டாரு சார்.”

எனக்கு அது பொறுக்கவில்லை. நாளைக்கு வேறு காவலர் வந்தால்? என் மனைவி வீட்டில் விழாமல் இருப்பது ஒரு ஆட்டோக்காரரின் முகத்தை நம்பியா இருக்க வேண்டும்? அன்றிரவே விதியை மேற்கோள் காட்டி மனு எழுதினேன். மூன்று பிரதிகள். மருத்துவச் சான்று, வாடகை ஒப்பந்தம் ஆகியவற்றின் நகல்கள். உரிய அலுவலகத்தில் கொடுத்து ஒப்புகையும் வாங்கினேன். குறை சொல்ல முடியாத மனு.

ஆனிப் பௌர்ணமிக்கும் அதே காவலர்தான் நின்றார். இம்முறை தடுப்பை நகர்த்தவில்லை.

“சார், மனு போட்டது நீங்கதானே? அதுமேல என்கிட்ட ரிப்போர்ட் கேட்டிருக்காங்க. பதில் வர்றதுக்குள்ள நான் உட்டேன்னா, யாரைக் கேட்டு உட்டேன்னு என்னைக் கேப்பாங்க.”

அவர் சொன்னது முழுக்கச் சரி. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஆட்டோக்காரர் வண்டியைத் திருப்பிக்கொண்டே, “ஒழுங்கா போயினு இருந்தோம்” என்றார், என்னைப் பார்க்காமல்.

இறங்கி நடந்தேன். கிரிவலம் வலப்பக்கமாகச் சுற்றுவது. என் வீட்டுக்கு அந்த இடத்திலிருந்து இடப்பக்கமாகப் போக வேண்டும். பாதையை அடைத்துக்கொண்டு வந்த மொத்தக் கூட்டத்துக்கும் எதிரே, செருப்புக் காலோடு, கையில் சாப்பாட்டுப் பையோடு போனவன் நான் ஒருவன்தான்.

“சாமி, தப்பான பக்கம் போறீங்க.”

“வீட்டுக்குப் போறேன்.”

“சுத்திட்டு அப்புறமா வீட்டுக்குப் போலாம் சாமி.”

ஒருவர் அன்போடு என் முழங்கையைப் பிடித்துத் திருப்பியே விட்டார். கொஞ்ச தூரம் அவரோடு நடந்து, அவர் கவனம் மாறியதும் மறுபடி திரும்பினேன். வீடு சேர்ந்தபோது நன்றாக இருட்டிவிட்டது. அவள் நாற்காலியில் இருந்தாள். பக்கத்தில் வைத்திருந்த சொம்பில் தண்ணீர் அப்படியே இருந்தது.

“குடிச்சா எழுந்திருக்கணுமே,” என்றாள். “அதான் குடிக்கலை.”

மறுநாள் மனுவைத் திரும்பப் பெறுவதாக இன்னொரு மனு எழுதிக்கொண்டு போனேன். எழுத்தர் அதைப் படித்துவிட்டு, “இதையும் அந்த ஃபைல்லயே சேத்துடறேன் சார். ரெண்டுக்கும் ஒண்ணா பதில் வந்துடும்” என்றார். எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். களைப்புதான் வந்தது.

ஆடிப் பௌர்ணமிக்கும் காவலர் கையை விரித்தார். “ஒரு சுத்து சுத்தி வந்துடுங்க சார். புண்ணியமாவும் போகும்.” கூட்டத்துக்கு எதிரே, முழங்கால் வலியோடு, அந்தச் சொம்பை நினைத்துக்கொண்டு போனேன். வீட்டுக்குச் சற்று முன்னால் யாரோ உரக்கக் கூப்பிட்டார்கள்.

“சார், தாண்டிப் போறீங்க!”

அந்தப் பெண்ணின் டீக்கடை. அடுப்புக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் என் மனைவி. நல்ல கையில் டீ டம்ளர்.

“நீங்க வர்றதை அங்கேருந்தே பார்த்தேன்,” என்றாள். “எல்லாரும் உங்களைத் திருப்பிவிடப் பாக்கறாங்க.” அவள் சிரித்தால் வாய் ஒரு பக்கமாகத்தான் போகும். அன்று நிறையப் போனது.

“யார் கூட்டிட்டு வந்தது?”

“நான்தான் என்னையும் கூட்டிட்டுப் போன்னு கேட்டேன். வாயால கேட்டேன். மூணு காப்பி எடுக்கலை.”

“ரெண்டு வாட்டி வீட்டுக்குக் கூட்டினு போயி கூட்டினு வந்துட்டேன் சார். நீங்க பயப்படாதீங்க,” என்றாள் அந்தப் பெண். என் கையில் ஒரு டம்ளரைக் கொடுத்தாள். “மனு இன்னாச்சு?”

“பரிசீலனையில் இருக்கு.”

சக்கரை ஜாஸ்தியாக இருந்தது. குடித்தேன்.

அதற்குப் பிறகு ஆவணியும் புரட்டாசியும் அப்படியே கழிந்தன. நான் எதிர்ப்பக்கமாக நடப்பேன். சுண்டல் விற்பவர்கள் என்னைத் தெரிந்துகொண்டு, திருப்பிவிட வருகிறவர்களிடம் “அவர உடுங்க, அவரு அப்டித்தான்” என்று சொல்லத் தொடங்கினார்கள். கடையில் டீ குடித்துவிட்டு இரண்டு பேருமாக மெல்ல வீட்டுக்கு வருவோம். ஐப்பசியில் மழை. நனைந்த பாதையில் நடந்து என் கால் வீங்கிவிட்டது.

வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது தபால்காரர் வந்தார். பாதையில் குடியிருப்போர் தம் வீட்டுக்குச் செல்லத் தனி அனுமதி தேவையில்லை என்பதால் தங்கள் மனுக்கள் இரண்டும் முடித்துவைக்கப்படுகின்றன என்று எழுதியிருந்தது. என் மனைவி வாங்கிப் படித்துவிட்டு, காய்ந்துகொண்டிருந்த என் செருப்பின் மேல் வைத்தாள். கடிதத்தில் போட்டிருந்த தேதி பௌர்ணமிக்குப் பல நாள் முந்தையது. கைக்கு வந்தது ஐப்பசிப் பௌர்ணமிக்கு மறுநாள்.