பிலோமினா அம்மா கூப்பிட்ட குரலுக்கு

பிலோமினா அம்மாவை அறிந்த உங்களுக்கெல்லாம் சொல்கிறேன். எனக்கு எழுதத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல, அவர் இடத்துக்கு வந்திருக்கும் அதிகாரி ஐயா எழுதுகிறார்.

அன்று கள்ளக்குறிச்சியில் எங்கள் சின்ன அருங்காட்சியகத்தைத் திறந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. சங்கராபுரத்திலிருந்து அம்மாவின் தம்பி போன் செய்தார். "அக்கா போயிட்டாங்க பெரியவரே, நெஞ்சு வலி" என்றார். நான் போனை வைப்பதற்குள் உள்ளேயிருந்து அம்மா கூப்பிட்டார்: "சடையண்ணே, இது இன்னா?"

உளுந்தூர்பேட்டைக்காரர் ஒருவர், கண்ணாடிப் பெட்டியில் ஒட்டியிருந்த அட்டையைத் தன் போனில் ஸ்கேன் செய்திருந்தார். அவ்வளவுதான், அம்மா முன்பே பதிந்து வைத்திருந்த குரல் அது. ஆனாலும் நான் உள்ளே ஓடினேன். அடுத்த நொடி அதே போனில் என் குரல் பதில் சொன்னது: "இதோ சொல்றம்மா."

நான் கல்வராயன் மலைக்காரன், அம்மா அதிகாரியாக இருந்த இந்த அருங்காட்சியகத்தில் காவலுக்குச் சேர்ந்தவன். அரசு ஆபீசுக்கு மனு கொடுக்க வருகிற சனங்கள் எங்கள் கேட்டில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். அம்மா வெயிலில் இறங்கிப் போய் அவர்களைக் கூப்பிடுவார். "உள்ள வாங்க, இதெல்லாம் உங்க வூட்டுச் சாமான்தான்" என்பார். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தவர்களிடம், "போட்டுக்கினே வாங்க, தரை கல்லு, குத்தும்" என்பார்.

வாரம் ஒருமுறை அம்மா ஒரு பொருளைக் கையில் எடுத்து, போனில் நேரலையாகப் பேசுவார். ஒரு தடவை மலையிலிருந்து வந்த மூங்கில் தட்டு ஒன்றைக் காட்டி, தினை காயவைக்கிற தட்டு என்றார். திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்கிற எங்கள் மலைப் பெண் ஒருத்தி அதைப் பார்த்துவிட்டு உடனே போனில் குரல் பதிந்து அனுப்பினாள்: "அக்கா, அது தட்டு இல்ல. மழைக்குத் தலையில கவுத்துக்கறது." அம்மா அப்படியே அதைத் தன் தலையில் கவிழ்த்துக்கொண்டு, எல்லோரும் பார்க்கச் சிரித்தார்.

நேரலை முடிந்ததும் என் பக்கம் திரும்பினார். எனக்கும் தெரியும்தானே என்று கேட்டார். சின்ன வயதில் அதைப் போட்டுக்கொண்டுதான் ஆடு மேய்த்தேன் என்றேன். பிறகு ஏன் வருகிறவர்களிடமெல்லாம் தட்டு என்று சொன்னேன் என்று கேட்டார். பலகையில் அப்படி எழுதியிருக்கிறது என்று கேள்வி, எழுத்தை எதிர்த்துப் பேசப் பயம் என்றேன்.

"பலகைய எழுதனது நானு. மழையில நனைஞ்சது நீங்க" என்றார் அம்மா.

மறுநாளே ஒவ்வொரு பொருளாக அவர் கேட்க, நான் சொல்ல, எல்லாம் பதிவானது. படிக்கத் தெரியாதவர்கள் கேட்டுக்கொள்ளட்டும் என்று வாசலில் இரண்டு போனும் வைத்தார்.

எங்கள் மலையில் ஒரு வழக்கம் உண்டு. செத்தவர் மண்ணுக்குள் போன ஒரு மாதத்துக்கு, அவர் குரல் கேட்டதுபோல் இருந்தால் பதில் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் கூடவே அழைத்துப் போய்விடுவார் என்பார்கள். நானோ அந்தப் பதிவில் ஆள் வரும்போதெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். வீட்டில் சொன்னபோது என் பெண்டாட்டி சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தாள். "எத்தினி தபா பதில் சொல்லுவ? எனக்குன்னு யார் கீறாங்க?" என்றாள். புது ஐயாவிடம் போய், என் பதிலை மட்டும் எடுத்துவிடச் சொன்னேன். அவர் மறுக்கவில்லை. அம்மா கூப்பிடுவதை அழிக்க எங்கள் இருவருக்கும் மனசு வரவில்லை.

நாலு நாள் கழித்து எலவனாசூர்கோட்டையிலிருந்து களை பறிக்கிற பெண்கள் ஒரு வண்டியில் வந்தார்கள். ஒருத்திக்கும் படிக்கத் தெரியாது. வாசல் போனை வாங்கிக்கொண்டு போய்ப் பெட்டி முன்னால் காட்டினார்கள். "சடையண்ணே, இது இன்னா?" என்றார் அம்மா. அப்புறம் ஒன்றுமில்லை. மறுபடி காட்டினார்கள். மறுபடி கூப்பிட்டார். நான் தூணுக்குப் பின்னால் நின்றிருந்தேன்.

"யாருடி அந்த சடையன்? பொம்பள எம்மா நேரமா கூப்புடுது, காது கம்மியா அவனுக்கு?" என்றாள் ஒருத்தி. மற்றவர்கள் சிரித்தார்கள். மூன்றாவது தடவை அம்மா கூப்பிட்டார்.

"இதோ சொல்றம்மா" என்று நான் வாய் திறந்தே சொன்னேன்.

ஒரு மாதம் இன்னும் முடியவில்லை. பெண்டாட்டியிடம் சொல்லவில்லை. அன்று முதல் அம்மா கூப்பிட்டால், பெட்டி பெட்டியாகப் போய் நின்று நானே பதில் சொல்கிறேன். ஒவ்வொரு தடவையும் நாக்கு வறண்டுதான் போகிறது. அம்மா விட்டுப்போனதில் என்னிடம் இருப்பது அந்தக் கேள்வி ஒன்றுதான். உயிரோடு இருக்கும்போது, மலைக்காரனிடம் இது இன்னா என்று அவர் ஒருவர்தான் கேட்டார்.